எட்டு வாரம், இரண்டு பிள்ளைகள், ஒரு தராசு

தட்டில் சர்க்கரையைக் குவித்து வைத்துக்கொண்டு சின்னவன் என்னைக் கூப்பிட்டான். “அப்பா, இதை அப்படியே ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடுவீங்களா?” ஒன்பது ஸ்பூனுக்கு ஒரு சிட்டிகை குறைவு. தராசு 35 கிராம் காட்டியது. பக்கத்தில் 330 மில்லி கோலா டின் ஒன்று, லேபிள் என்னைப் பார்த்தபடி. அது நான் எனக்காக வாங்கி, பாலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டின்.

வளரும் பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்து, உடல்நலம், உடற்பயிற்சி மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் எட்டு வார இணையப் படிப்பு ஒன்றில் இரண்டு பேரையும் சேர்த்திருந்தேன். பெரியவளுக்கு 15 வயது, சின்னவனுக்கு 11. இந்தச் சர்க்கரைக் குவியல் முதல் வாரத்து வீட்டுப்பாடம். படிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரமே எழுதியிருந்தால் இது பாராட்டுப் பத்திரமாகப் போயிருக்கும். ஐந்தாவது வாரம் எழுதியிருந்தால் வெறும் வசவு. இரண்டும் ஆறிய பிறகு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளை அவர்களுக்கே எழுதியாகிவிட்டது. இதே மாதிரிப் படிப்புகள் இப்போது நிறைய வருகின்றன, எதில் சேர்த்தாலும் கவனிக்கவேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். காலையில் உட்கார்ந்தால் இரவில்தான் நாற்காலிக்கு விடுதலை. 41 வயதில் சர்க்கரை நோய் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் நான் ஆரோக்கியம் பற்றி வாயைத் திறந்தாலே பிள்ளைகள் இருவரும் என் மாத்திரை டப்பாவைப் பார்ப்பார்கள். சரி, நாம் சொன்னால் எடுபடாது, வேறு யாராவது சொல்லட்டும் என்றுதான் பணம் கட்டினேன்.

ஒரு அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே சமையலறைத் தராசு, அளவு ஸ்பூன்கள், ஸ்கிப்பிங் கயிறு, கொஞ்சம் படக் கார்டுகள், ஆளுக்கொரு குறிப்பேடு. கூடவே போனில் ஒரு செயலி. வாரம் ஒரு நேரடி வகுப்பு, 10 முதல் 12 வயது வரை ஒரு குழு, 13 முதல் 17 வரை இன்னொரு குழு. ஒவ்வொன்றிலும் இருபது பிள்ளைகளுக்குக் குறைவு. ஆசிரியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். தராசு நல்ல சாமான். கயிறு ஐந்தாம் வாரமே கைப்பிடியோடு பிய்த்துக்கொண்டது.

முதல் வாரம் முழுக்க லேபிள்தான். இந்த ஒரு வாரத்துக்காகவே கட்டிய பணத்தில் பாதி சரியாகிப் போனது என்பேன். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு இது: ஒரு நாள் உணவின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி உண்பவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், 5 சதவீதம் 25 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை வராது. இதையெல்லாம் நானும் எங்கோ படித்ததுதான். ஆனால் ஆசிரியர் எண்ணைச் சொல்லவில்லை. “உங்க வீட்டு அலமாரியில இருக்கிற ஒரு பாக்கெட்டை எடுத்துட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான்.

சின்னவன் தன் காலை நேரத் தானிய பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனான். முகப்பில் கொட்டை எழுத்தில் ‘முழுதானியம்’. பின்பக்கம் ஒரு பரிமாறல் 30 கிராம் என்றும், அதில் சர்க்கரை 9 கிராம் என்றும் இருந்தது. “நீ தினமும் போட்டுக்கிற அளவு போடு, எடை பாரு” என்றார் ஆசிரியர். அவன் வழக்கம்போலக் கிண்ணத்தில் கொட்டினான். 74 கிராம். இரண்டரைப் பங்கு, சர்க்கரை 22 கிராம். அத்தோடு விடவில்லை. சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும் என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் தானியம்தான் இருந்தது. அப்புறம் சர்க்கரை, கொஞ்சம் தள்ளி குளுக்கோஸ் சிரப், அதற்கும் கீழே தேன். மூன்று பெயரில் பிரித்துப் போட்டால் எதுவும் முதலிடத்துக்கு வராது. சின்னவன் சிவப்புப் பேனாவால் மூன்றையும் வட்டமிட்டு, கோடு இழுத்து ஒன்றாகச் சேர்த்தான். ஒரே செலவை மூன்று தலைப்பில் எழுதி மறைக்கும் கணக்குகளை நான் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை அதை ஒரு தானிய பாக்கெட்டில் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இரண்டாவது வாரம் தட்டு. பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம். 2011 முதல் உலகம் முழுக்கப் பரவிய அதே படம். தவறில்லை, புதிதும் இல்லை. ஒன்றோடொன்று கலந்து சமைத்த உணவை எப்படிக் கால், பாதி என்று பிரிப்பது என்று பெரியவள் கேட்டதற்கு ஆசிரியர் சிரித்து மழுப்பிவிட்டார்.

மூன்றாவது வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அன்று பாடம் இரும்புச்சத்து. அதைச் சொல்லும் முன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆறு மாதமாகப் பெரியவளை நான் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து வந்தால் படுக்கை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். “இந்த வயசுல என்ன அலுப்பு, எல்லாம் போன் பார்க்கிறதுதான்” என்று ஒருநாள் விருந்தாளிகள் எதிரிலேயே சொன்னேன்.

அன்றைய வகுப்பை எடுத்தவர் ஓர் உணவியல் நிபுணர். மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துத் தேவை ஏன் கூடுகிறது, அது குறைந்தால் உடம்பு எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று நிதானமாகச் சொன்னார். அலுப்பு, மூச்சு வாங்குவது, தலைவலி, கவனம் நிற்காதது, வெளிறிய தோல். தாவர உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் சேராது, கூடவே வைட்டமின் சி உள்ள பழமோ காயோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சேர்வது குறையும் என்றார். பெரியவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பை இல்லாமல் உட்காரமாட்டாள். கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

வகுப்பு முடியும்போது அந்த அம்மா சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. “இதெல்லாம் உங்களுக்கு இருக்கிற மாதிரி தோணினா நீங்களா மாத்திரை வாங்காதீங்க. அப்பா அம்மாகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட போய் ரத்தம் பாருங்க. அலுப்புக்கு வேற காரணமும் இருக்கலாம்.” தன் எல்லை எது என்று தெரிந்த ஆசிரியர்.

பார்த்தோம். ஹீமோகுளோபின் 10.6. அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மருத்துவர் இரும்புக் கையிருப்பையும் பார்த்துவிட்டு மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதினார். போன வாரம் மறுபடி பார்த்தபோது 12.3. இப்போது மாடிக்கு இரண்டு இரண்டு படியாகத் தாண்டிப் போகிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லப்பா” என்றாள்; ஆனால் அந்த விருந்தாளிகளிடமும் சொல்லிவிடச் சொன்னாள். சொன்னேன்.

நாடித்துடிப்பு எண்ணும் வாரமும் வீடே அமர்க்களப்பட்ட வாரம். மணிக்கட்டில் இரண்டு விரல், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கு. சின்னவனுக்குச் சும்மா இருக்கும்போது 84, ஒரு நிமிடம் கயிறு தாண்டியதும் 160. எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுதவேண்டும். என்னையும் உட்காரவைத்து எழுதினார்கள். எனக்கு எண்ண ஆரம்பித்தவன் நடுவில் நிறுத்தி, “அப்பா, உங்களுக்கு இன்னும் இறங்கவே இல்ல” என்றான். கேலியில்லாத குரலில் சொன்னதால் உறைத்தது. அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் நடக்கிறோம். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அப்படி என்றால் வேகம் சரி. இந்தப் பேச்சுச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசையவேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை தரவேண்டும் என்பது 2020-ல் வந்த வழிகாட்டுதல். அந்த 60 நிமிடத்தைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம் என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் பெரியவள் ஒத்துக்கொண்டாள்.

இனி வசவு.

ஐந்தாம் வாரம் செயலி பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் கேட்டது. சின்னவன் 142 செ.மீ., 34 கிலோ. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பிஎம்ஐ 16.9. உடனே திரையில் சிவப்புப் பட்டை: ‘எடைக் குறைவு’. 18.5-க்குக் கீழே போனால் எடைக் குறைவு என்ற வரம்பு பெரியவர்களுக்கானது. வளரும் பிள்ளைக்கு வயதையும் பாலினத்தையும் வைத்து, வளர்ச்சி வரைபடத்தில் எங்கே இருக்கிறான் என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் 11 வயதுப் பையனுக்கு 16.9 என்பது கிட்டத்தட்ட நட்டநடு. பிள்ளைகளுக்கென்றே செய்த செயலியில் இந்தப் பிழையை எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சின்னவன் இரண்டு நாள் கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கி விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் புரதப் பவுடர் வேண்டும் என்றான்.

பெரியவள் கதை இதைவிட மோசம். செயலியில் ‘இலக்கு எடை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தன் தோழியின் எடையை அதில் போட்டிருக்கிறாள். கேள்வி முறை கிடையாது, அது பாட்டுக்கு நாளுக்கு 1350 கலோரி என்று விடை கொடுத்துவிட்டது. 15 வயது, ரத்தசோகைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் பெண். நான்கு நாள் இரவில் “பசிக்கல” என்று எழுந்துபோனாள். ஐந்தாம் நாள் தராசில் அரை வாழைப்பழத்தை வைத்து அவள் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள். அதே தராசுதான். முதல் வாரம் பாக்கெட்டின் பொய்யைப் பிடித்த தராசு.

இது சின்ன விஷயமில்லை. வளரும் வயதில் சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கப் பார்ப்பது உணவுக் கோளாறுகளுக்கு வாசல் திறந்துவிடும். பிற்பாடு எடை கூடுவதும் அப்படிக் குறைக்கப் பார்க்கும் பிள்ளைகளிடம்தான் அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொல்கிறது: பிள்ளைகளிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள், டயட் வேண்டாம், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். வகுப்பில் ஆசிரியர்களும் அதையேதான் சொன்னார்கள். செயலியைச் செய்தவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது.

எழுதினேன். முதல் பதில் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’. இரண்டாவது முறை கொஞ்சம் காரமாக எழுதிய பிறகு, இரும்புச்சத்துப் பாடம் எடுத்த அதே அம்மா தொலைபேசியில் அழைத்தார். பெரியவளிடம் தனியாக இருபது நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அன்று இரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ‘இலக்கு எடை’ கட்டத்தை இப்போது அமைப்புகளில் போய் மறைத்துவைக்கலாம். தானாக மறையாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அப்படி ஒரு கட்டம் எதற்கு என்ற என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சேர்ப்பவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அதை மறைத்துவிடுங்கள், எடை கேட்டால் காலியாக விடுங்கள்.

வாராந்தர நடைப் பட்டியல் என்று இன்னொன்று. நாளுக்கு 10,000 காலடி இலக்கு. யார் அதிகம் நடந்தார்களோ அவர் பெயர் மேலே. வேடிக்கை என்னவென்றால், இந்த 10,000 ஆராய்ச்சியில் பிறந்த எண் இல்லை, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலிருந்து கிளம்பியது என்று அதே படிப்பில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சின்னவன் மூன்று நாள் தொடர்ந்து முதலிடம். நான்காம் நாள் பார்த்தால், போனைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டியபடி படக்கதை படித்துக்கொண்டிருந்தான்.

தூக்கம் பற்றிய வகுப்பும் உருப்படியானதுதான். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். பருவ வயதில் தூக்கத்துக்கான ஹார்மோன் சுரப்பதே தாமதமாகிறது, அதனால் இரவில் அவர்கள் விழித்திருப்பது வெறும் அடம் இல்லை என்று சொன்னபோது பெரியவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வகுப்பு நடந்த நேரம் இரவு ஒன்பதரை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

தசைப் பயிற்சி வாரத்தில், எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று நான் இத்தனை நாள் நம்பியது தவறு என்று தெரிந்தது. முறையாகச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் ஆள் நின்று, குறைந்த எடையில் ஆரம்பித்தால் பிள்ளைகளும் செய்யலாம். சுவரில் கை ஊன்றித் தண்டால், நாற்காலி தொட்டு எழும் பஸ்கி. எண்ணிக்கை முக்கியமில்லை, முதுகு நேராக இருக்கிறதா பார் என்று திரும்பத் திரும்பத் திருத்தினார் ஆசிரியர். பிள்ளைகளுக்கு ஆற்றல் பானம் வேண்டவே வேண்டாம் என்றார். சாதாரணமாகச் சாப்பிட்டு விளையாடும் பிள்ளைக்குப் புரதப் பவுடரும் தேவையில்லை என்றார். சின்னவன் முகம் தொங்கிப்போனது.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இளைக்கவேண்டும் என்று சேர்ப்பவர்கள் தயவுசெய்து சேர்க்காதீர்கள். ஏற்கெனவே சாப்பாட்டோடு மல்லுக்கு நிற்கும் பிள்ளை என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், செயலியைத் தொடவே விடாதீர்கள். பிள்ளையைத் திரை முன்னால் உட்காரவைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம் என்றாலும் சரிவராது. வீட்டுப்பாடம் அத்தனையும் சமையலறையில்தான், யாராவது ஒருவர் கூட நிற்கவேண்டும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் மனைவி நின்றாள், பேர் எனக்குக் கிடைத்தது. நேரடி வகுப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். செயலிக்கு ஒன்று, அதுவும் நாடித்துடிப்பை வரைபடமாகக் காட்டும் பக்கத்துக்காக.

கடைசி வாரம் விளம்பரம் பற்றியது. போனில் வரும் உடற்பயிற்சி வீடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்கவேண்டும். இதைச் சொல்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? எதைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறார்? சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா, அல்லது முன்னே-பின்னே படம் மட்டும்தானா? சின்னவன் குழுவில் இதற்காகச் சண்டையே நடந்தது. ஒரு பெண் பிள்ளை தனக்குப் பிடித்த விளையாட்டு வீரரை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

படிப்பு முடிந்த மறுநாள் சான்றிதழ் வந்தது. அதன் கீழே ஒரு கூப்பன்: ‘வளரும் பிள்ளைகளுக்கான புரதப் பவுடர், உங்களுக்கு மட்டும் சிறப்புத் தள்ளுபடி.’ நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. சின்னவன்தான் போனைப் பிடுங்கிப் பார்த்தான். பவுடர் கேட்டவன் ஆயிற்றே, மறுபடி ஆரம்பிக்கப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து புதுப் பக்கம் திருப்பி, மூன்று கேள்வியையும் வரிசையாக எழுதினான். முதல் கேள்விக்கு நேரே படிப்பு நடத்தும் நிறுவனத்தின் பெயர். இரண்டாவதுக்கு, ‘ஐந்தாம் வாரம் எனக்கு எடைக் குறைவு என்று சொன்னது.’ மூன்றாவதுக்கு ஒரு கோடு மட்டும். பிறகு நிமிர்ந்து, “இதுக்கும் மார்க் போடுவாங்களாப்பா?” என்று கேட்டான்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.